அந்த நாய்க்கு வைத்த பெயர்

புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்லக் கூடாது. சொன்னால் அவர் ஆயுசில் கொஞ்சம் குறையும். எங்கள் மலையில் பால் மறக்காத பிள்ளைக்குக்கூட இது தெரியும். செந்தாமரைக்கும் தெரியும். தன் புருஷன் பேரை அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. 'எங்க வூட்டுக்காரு' என்றுதான் சொல்வாள். என் புருஷன் பேரைத்தான் நாளைக்கு நாற்பது தடவை சொன்னாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, கையில் கூழ்ச்சட்டியோடு, இழுத்து இழுத்துச் சொன்னாள். கேட்டால் நாயைக் கூப்பிடுகிறாளாம்.

நியாயத்தைக் கேளுங்கள்.

எங்கள் ஊரில் ஆண்பிள்ளைக்கு வேடியப்பன், ரங்கன் என்று பேர் வைப்பதுதான் வழக்கம். என் மாமனார் ஒரு தடவை ஒடுகத்தூர் சந்தைக்குப் போன இடத்தில் காய்ச்சலில் விழுந்துவிட்டார். யாரோ ஒரு கடைக்காரர் எட்டு நாள் வீட்டில் வைத்துக் கஞ்சி ஊற்றி அனுப்பினார். அந்தப் புண்ணியவான் பேரைக் கொண்டுவந்து மகனுக்கு வைத்துவிட்டார் மாமனார். அந்தப் பேரில் இரண்டு பாதி உண்டு. முதல் பாதி, நாட்டை ஆள்கிறவன். இரண்டாம் பாதி, நாம் எதனால் பார்க்கிறோமோ அது. தாலி ஏறிய நாள் முதல் இரண்டையும் நான் வாயில் எடுப்பதில்லை. ஒரு தடவை எனக்கு அது சிவந்து வீங்கிக்கொண்டபோது நர்ஸ் வடிவிடம் போய், "பாக்கற எடம் நோவுதும்மா" என்றேன். "எந்த எடத்தைப் பாக்கணும்? பொடவைய வெலக்கு" என்றாள். பதினோரு வருஷம் அவ்வளவு கட்டுப்பாடாக இருந்தவள் இந்தக் கெங்கம்மாள்.

பக்கத்து வீட்டுச் சின்னதம்பி கட்டிக்கொண்டு வந்தவள்தான் செந்தாமரை. எங்கள் சனம்தான். ஆனால் அவள் அப்பன் கரும்பு வெட்டப் போன இடத்திலேயே தங்கிவிட்டதால் மலைக்குக் கீழே படவேட்டில் வளர்ந்தவள். அந்த மினுக்கு போகுமா? வரும்போதே கூடையில் ஒரு நாய்க்குட்டியையும் போட்டுக்கொண்டு வந்தாள். வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் செம்மண் நிறம். பேரும் கீழேயே வைத்தாகிவிட்டது. நாட்டை ஆள்கிறவன் பேர்தான். உலகத்தில் பாதி நாய்க்கு அந்தப் பேர், போகட்டும் என்று விட்டிருப்பேன். இவள் கொஞ்சும்போது இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டாள்.

"ராஜா! வாடா ராஜா! வாடா கண்ணு! ராஜா... கண்ணூ!"

இது அவள் வாய்ப் பேச்சு. அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன், பாவம் அவளுக்கு.

முதல் தடவை அவள் அப்படிக் கூப்பிட்டபோது என் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். விருட்டென்று தலையைத் திருப்பினார். கயிறு கையிலிருந்து நழுவிவிட்டது. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அப்புறம் வேலிக்கு அந்தப் பக்கம் நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்துவிட்டு, தனக்குள் சிரித்துக்கொண்டே கயிற்றை எடுத்தார். நான் அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். 'இந்தாய்யா', 'ஒன்னத்தான்யா' என்று பதினோரு வருஷமாகக் கூப்பிடுகிறேன். நான் கூப்பிட்டு அந்தத் தலை ஒரு நாளாவது அப்படித் திரும்பியதுண்டா? எனக்கு வயிறு எரிந்தது. பச்சை மிளகாயை அரைத்துப் பூசினது போல் எரிந்தது.

அன்றைக்கே வேலியோரம் போய் நின்றேன்.

"இன்னாடி தாமரை, நாய்க்கு வேற பேரே கெடைக்கலையா ஒனக்கு?"

"இதுல இன்னாக்கா கீது? நாய்ப் பேருதானே."

"எங்க வூட்டுக்காரர் பேரும் அதான்டி."

"ஐயே, அண்ணன் பேரு முழுசு. நாய் பேரு பாதி."

"மீதிப் பாதியத்தான் நீ சேத்துக்கிறியே!"

"அது கொஞ்சறதுக்குக்கா. வளக்கற நாயைக் கொஞ்சக் கூடாதா?" என்று சிரித்தாள். பல் வரிசை வேறு அவளுக்கு உரித்த மல்லாட்டைப் பருப்பு, அதுதான் வேர்க்கடலை, அது மாதிரி இருக்கும். அது தனி எரிச்சல்.

அதற்கப்புறம் எனக்கு வேலை ஓடவில்லை. அவள் கூப்பிடுவதும், இவர் தலை திரும்புவதும், நான் பார்ப்பதும். மாடு கறக்கும்போது கூப்பிடுவாள், இவர் திரும்புவார். சாமை குத்தும்போது கூப்பிடுவாள், இவர் திரும்புவார். "இன்னாய்யா அங்கப் பார்வை?" என்றால், "ஒண்ணுமில்ல" என்பார். ஒன்றுமில்லாததற்கு எவனாவது திரும்புவானா?

மாசி மாசம் ஜனத்தொகைக் கணக்கு எடுக்க ஒரு வாத்தியார் மலையேறி வந்தார். என் வீட்டு வாசலில் உட்கார்ந்து பெரிய தாளை விரித்து, "வீட்டுக்காரர் பேர் சொல்லும்மா" என்றார். அவரோ கொல்லையில் இருந்தார். நான் தலையைச் சுற்றி விரலால் கிரீடம் போல் வளைத்துக் காட்டினேன். அப்புறம் மூக்குக்கு மேலே, இமைக்குப் பக்கத்தில் விரலை வைத்தேன்.

"தலைவலியாம்மா? பார்வை சரியில்லையா? அதுக்கெல்லாம் இதுல கட்டம் இல்லியே" என்றார் வாத்தியார்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கணீரென்று வந்தது: "ராஜாக்கண்ணு சார்!"

கொல்லையிலிருந்து, "இன்னாம்மா?" என்று இவர் ஓடிவந்தார். வேலிச் சந்தில் நுழைந்து அந்த நாயும் ஓடிவந்தது. இரண்டும் வாத்தியார் முன்னால் நின்றன. செந்தாமரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வாத்தியார் சிரித்தார். என் வீட்டுக்காரரும் சிரித்தார். சர்க்கார் தாளில் என் புருஷன் பேரை எழுத வைத்தவள் பக்கத்து வீட்டுக்காரி. அன்றைக்கு நான் களி கிண்டவில்லை. கேட்டதற்கு, "கூப்புட்றவ வூட்டுல போய்த் துன்னு" என்றேன். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அந்தக் கோடையில் ரோடு போட வந்தவர்கள் வேலை முடிந்து கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போனார்கள். எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனவர்கள், எச்சில் சோறு போட்டு வளர்த்த ஏழு நாய்களை மட்டும் எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். அப்பப்பா, அந்தத் தொல்லை! காயப்போட்ட சாமையில் புரளும். அடைக்கு வைத்த முட்டையைத் தின்னும். கூழ்ப்பானையில் தலையை விட்டுக்கொண்டு, எடுக்கத் தெரியாமல் பானையோடு தெருவில் ஓடும். தெருக்கோடி வீட்டுச் செல்லியின் ஒரே கம்பளியை இழுத்துக்கொண்டு போய் ஓடைக்கரையில் விரித்து, அதன் மேல் குட்டி போட்டது ஒன்று. கல்லை எடுத்தால் போதும், அத்தனையும் செந்தாமரை வாசலுக்கு ஓடிவிடும். அவள் நாய்தான் அதுகளுக்குத் தலைவன். ஆளப் பிறந்தது அல்லவா!

எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த ஏழில் சொறி பிடித்து, வால் பாதி அறுந்து, பார்க்கவே குமட்டுகிற ஒன்று இருந்தது. அதற்குத் தினம் இரண்டு உருண்டை களி போட்டேன். மூன்றாம் நாள் என் பின்னாலேயே சுற்றியது. பேர் வைத்தேன். வேலியோரம் நின்று நானும் இழுத்து இழுத்துக் கூப்பிட்டேன்.

"சின்னதம்பீ! அடேய் சின்னதம்பி! எச்ச எலைய நக்காதடா! சொறி நாயே, வாடா இங்க!"

அந்தப் பக்கம் கூழ்ச்சட்டி கீழே விழுகிற சத்தம் கேட்டது. அதுதான் அந்த வருஷத்தில் நான் கேட்ட நல்ல சத்தம். அவள் புருஷன் புளி லாரியில் மூட்டை ஏற்றப் போகிறவன். வாரத்தில் மூன்று நாள்தான் வீட்டில் இருப்பான். அன்றைக்குப் பார்த்து வந்திருந்தான்.

"இன்னாக்கா, கூப்ட்டியா?" என்று வெளியே வந்தான்.

"ஒன்னை யாரு கூப்ட்டாங்க? நான் நாயைக் கூப்ட்டேன்."

அவன் சொறி நாயைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். அன்று பொழுது சாய்வதற்குள் விஷயம் நாட்டாண்மை ஆதிநாராயணனிடம் போய்விட்டது.

"பொம்பளைங்களா, ஊர்ல வேற வேலையே இல்லியா?" என்றார் அவர். "ரெண்டு நாய்க்கும் பேரை மாத்துங்க. அது மணி. இது டைகரு. மனுசன் பேரை இனிமே எவளும் நாய்க்குச் சொல்லக் கூடாது."

நாட்டாண்மை சொன்னால் மனுஷன் கேட்பான், நாய் கேட்குமா? "மணி, மணி" என்று செந்தாமரை தொண்டை வறளக் கத்துவாள். அது காதைச் சொறிந்துகொண்டு படுத்திருக்கும். நாலாம் நாள் அது சோற்றுக்கும் வராமல் காட்டுப் பக்கம் போனதும், பழையபடி, "ராஜா! கண்ணூ!" ஆரம்பித்துவிட்டது. என் டைகர், பேர் மாறிய கோபமோ என்னவோ, அந்த வாரமே நர்ஸ் வீட்டுக்குக் குடி போய்விட்டது.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஆடி பிறந்தபின் என் வீட்டுக்காரர் தலை திரும்புவது நின்றுவிட்டது. அவள் கூப்பிடுவாள். இவர் குனிந்த தலை குனிந்தபடி கடுக்காய் உடைத்துக்கொண்டிருப்பார். வேறு பெண்டாட்டியாக இருந்தால் மகிழ்ந்திருப்பாள். எனக்கு அப்போதுதான் அதிகமாக எரிந்தது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்துகொண்டுதானே திரும்பாமல் இருக்கிறார்? மனசில் கள்ளம் இல்லாதவர் ஏன் நிறுத்த வேண்டும்? இப்படியெல்லாம் புழுங்கிப் புழுங்கி நான் பாதியாகிவிட்டேன்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு சந்தை நாள். ஆண்பிள்ளைகள் எல்லாரும் கடுக்காய் மூட்டையோடு ஒடுகத்தூருக்கு இறங்கிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் போகவில்லை. சினைப்பசு இரண்டு நாளாகக் கொட்டகைக்கு வரவில்லை, தேடி ஓட்டி வருகிறேன் என்று விடிந்ததும் பன்னிமடு ஓடைப் பக்கம் போனார். உச்சிவேளைக்குப் பசு தானாக வந்து நின்றது. அவர் வரவில்லை. அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. எங்கள் மலை மூடுபனி தெரியுமா உங்களுக்கு? கையை நீட்டினால் விரல் தெரியாது.

கொஞ்ச நேரம் பார்த்தேன். அப்புறம் கால் நிற்கவில்லை. வேலியோரம் ஓடி, பத்து மாசம் பேசாத வாயால், "தாமரை, எங்க வூட்டுக்காரரு இன்னும் வரலடி" என்றேன். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். செல்லியும் வந்தாள். செந்தாமரையின் நாய் முன்னால் ஓடியது.

ஓடைப் பக்கம் பாறை வழுக்கும். கீழே தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. நான், "இந்தாய்யா! யோவ்!" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். என் குரல் கம்மல். தவிர, 'இந்தாய்யா' என்பது எதிரில் உட்கார்ந்து களி தின்கிறவரைக் கூப்பிடுகிற வார்த்தை. மலைக்கு மலை எட்டுகிற வார்த்தை இல்லை. தண்ணீர் இரைச்சலில் போய்க் கரைந்துவிட்டது.

செந்தாமரைக்குத்தான் தொண்டை. வாயில் கையைக் குவித்து, "ராஜாக்கண்ணு அண்ணே!" என்று கூவினாள். 'அண்ணே' என்றதை மூடுபனி தின்றுவிட்டது. மற்றது மட்டும் மலையில் மோதித் திரும்பி வந்தது. கூடவே, மோப்பம் பிடித்துக்கொண்டு இறங்கிப் போன நாயும் திரும்பி வந்து அவள் காலடியில் வாலை ஆட்டியது.

"போடா, தேடு போ" என்று தள்ளினாள். போனது. மறுபடி கூவினாள். மறுபடி வந்துவிட்டது. மூன்றாம் தடவையும் அப்படியே. பாறை மேல் மூக்கை வைத்து எதையோ பிடித்துவிட்ட மாதிரி இறங்கியது, இவள் குரல் கேட்டதும் விட்டுவிட்டு ஓடி வந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில், "வாய மூடுடி! நீ கூப்ட்டா நாய்தான்டி வருது!" என்று கத்தினேன்.

"அப்ப நீ கூப்டுக்கா!" என்று அவளும் கத்தினாள். பார்த்தால் அழுகிறாள். "ஒம் புருசன்தானே! நீ கூப்டு!"

"புருசன் பேரையாடி?"

செல்லி, "இந்தப் பக்கம் ஆளில்ல கெங்கா. சத்தமே காணோமே. சுனைப் பக்கம் போய்ப் பாக்கலாம், பொழுது போனா ஒண்ணும் செய்ய முடியாது" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு அடி அவளோடு நடந்தும் விட்டேன். அப்புறம் நின்றேன். சொன்னால் ஆயுசில் கொஞ்சம்தான் குறையும். சொல்லாமல் போய், அவர் இந்தக் குளிரில் இங்கேயே கிடந்துவிட்டால் மொத்த ஆயுசும் போச்சே!

வேடியப்பா சாமி, குறைப்பதை என் ஆயுசில் குறைத்துக்கொள் என்று வேண்டிக்கொண்டு, ஓடையைப் பார்த்து நின்று கூப்பிட்டேன். முழுப் பேர். இரண்டு பாதியும். என்ன பேர் என்று உங்களுக்கே தெரியும். இன்னொரு தடவை என்னைச் சொல்ல வைக்காதீர்கள். எனக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

தண்ணீர் இரைச்சலுக்கு அடியிலிருந்து, "கெங்கா!" என்று வந்தது. செத்துப்போன குரல்தான். ஆனாலும் வந்தது.

எங்களுக்கு நேர் கீழே கிடந்தார். இரண்டு ஆள் ஆழம் இருக்கும். வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து, கத்திக் கத்திக் குரல் போய், உதடு நீலம் பாரித்துக் கிடந்தார். நாங்கள் இறங்குவதற்குள் நாய் இறங்கி அவர் முகத்தை நக்கிக்கொண்டிருந்தது. சந்தையிலிருந்து ஆண்பிள்ளைகள் திரும்பும் வரைக்கும் மூன்று பொம்பளைகளும் அவரைச் சுற்றி உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் போர்த்தி, உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். ஒரு காலை நான் தேய்த்தேன். இன்னொரு காலைச் செந்தாமரை தேய்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை நான்.

மூங்கிலில் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். மறுநாள் கீழேயிருந்து எலும்பு வைத்தியர் வந்து, முட்டையும் மருந்தும் தடவித் தப்பை வைத்துக் கட்டினார். மூன்று மாசம் அசையக் கூடாது என்றார். அந்த நாய் கட்டிலுக்கு அடியிலேயே படுத்துக்கொண்டது. விரட்டினேன். போகவில்லை. விட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு காலை. அவருக்குக் கூழ் கொடுத்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் வழக்கம்போல, "ராஜா! கண்ணூ! எங்கடா கீற?" என்று கேட்டது. நாய் எழுந்து ஓடியது. இவர் காதைக்கூட அசைக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏய்யா, அன்னைக்கு அவ அவ்ளோ கத்து கத்துனாளே, காதுல வுழலையா?"

"வுழுந்துச்சி."

"அப்புறம் ஏன்யா கொரல் குடுக்கல?"

"நாயைக் கூப்புட்றான்னு நெனச்சேன். ஊர்ல எல்லாம் அதது வேலையப் பாத்துக்கினு கீது, என்னை யாரும் தேடலன்னு முடிவு பண்ணி, கம்முனு படுத்துட்டேன்."

"நான்கூட யோவ்னு கூப்ட்டேனே!"

"அது நீயா? மயிலுன்னு நெனச்சேன்."

கூழ்ச்சட்டியைக் கீழே வைத்தேன். மாசக்கணக்கில் வயிற்றில் கிடந்ததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன். "முன்னல்லாம் அவ கூப்ட்டா திரும்பித் திரும்பிப் பாப்பியே. மூஞ்சி அப்பிடி வெளிச்சமாவுமே. அது இன்னாத்துக்கு? அதையாவது சொல்லு."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

"பொம்பளக் கொரலு. அதுல என் பேரு. நீதான் கூப்ட்டுட்டியோன்னு திரும்புவேன். பாத்தா, நாய் ஓடும்."

"அப்புறம் ஏன் நிறுத்திட்ட?"

"எத்தினி வாட்டிதான் ஏமார்றது? வுட்டுட்டேன்."

நான் எழுந்து போய் வாசல் படலைச் சாத்தினேன். வாசலில் யாரும் இல்லை என்று சந்து வழியாக இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். அப்புறம் வந்து கட்டிலருகில் குந்தி, அவர் காதோடு வாயை வைத்து, மெதுவாகச் சொன்னேன். முழுசாகச் சொன்னேன். அவர் தலையைத் திருப்பினார். கயிறு நழுவின அன்றைக்கு எப்படித் திரும்பினாரோ, அதே மாதிரி.

படல் தடதடவென்று ஆடியது. அடிச்சந்து வழியாக ஒரு செம்மண் காதும் மூக்கும் உள்ளே வந்தன. பின்னாலேயே வாலும் வந்தது.

"ஒன்னை இல்லடா, சனியனே" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் கட்டுப்போட்ட கால் அசைந்து, "ஐயோ, அம்மா" என்று கத்தினார். "இன்னாக்கா, அண்ணனுக்கு இன்னா ஆச்சி?" என்று அந்தப் பக்கத்திலிருந்து செந்தாமரை கேட்டாள். "ஒண்ணுமில்ல, ஒன் வேலையப் பாருடி" என்று நான் சொன்னேன்.